எஞ்சின் வேலை பார்ப்பதா, எஞ்சினையே மாற்றுவதா? – 1968 ஸ்பிட்ஃபயர் மார்க் 3, சென்னை

முடிச்சூர்_ஸ்பிட்ஃபயர் | ஜூன் 8, இரவு 9.40

வணக்கம். எங்கள் வீட்டில் 1968 ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருக்கிறது. ஒரு துணைத் தூதரக அதிகாரி ஊருக்குப் போகும்போது அரசின் எஸ்டிசி (ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன்) வழியாக விலைக்கு வந்த வண்டி. 1974இல் அப்பா வாங்கினார். நானும் தங்கையும் அதன் பின்பக்கத் தட்டில் உட்கார்ந்து மகாபலிபுரம் போயிருக்கிறோம்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரில் வண்டி போனட் வரை தண்ணீரில் நின்றது. பிளக்குகளைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலை மூன்று முறை மாற்றி, "இனி ஓட்டலாம்" என்று ஒரு பட்டறையில் சொல்லிவிட்டார்கள். எஞ்சினைத் திறந்து பார்க்கவில்லை. அப்பா 2019 வரை அப்படியே ஓட்டினார். இப்போது அவர் இல்லை. வண்டி என் பொறுப்புக்கு வந்திருக்கிறது.

நிலைமை இதுதான். ஆக்ஸிலேட்டரை விட்டுப் பிடித்தால் நீலப் புகை. சூடான பிறகு ஐட்லிங்கில் ஆயில் பிரஷர் 10 பிஎஸ்ஐ, 2000 ஆர்பிஎம்மில் 25. காலையில் ஸ்டார்ட் செய்ததும் மூன்று நான்கு விநாடிகள் கீழே இருந்து தடதட சத்தம்.

இரண்டு மெக்கானிக்குகளிடம் காட்டினேன். ஒருவர் ஃபுல் எஞ்சின் வேலை என்றார். இங்கிலாந்திலிருந்து வரவேண்டிய சாமான்களோடு இரண்டரை லட்சம் ஆகலாமாம். இன்னொருவர், "இதில் பணம் போடாதீங்க சார், மாருதி ஜிப்ஸி எஞ்சின் கியர்பாக்ஸோடு வச்சுத் தர்றேன், ஒன்றே முக்கால் லட்சம்" என்கிறார். நம் ஊர்ப் பழைய காரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் எஞ்சின் ஒன்று புதுப்பேட்டை பழைய சாமான் கடைகளில் கிடைக்கும், அது அப்படியே உட்காரும் என்றும் சொல்கிறார்கள்.

எது சரி? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


ஜிப்ஸி413 | ஜூன் 8, இரவு 10.15

மாற்றிவிடுங்கள் ப்ரோ. நானே பழைய ஜீப் ஒன்றில் ஜிப்ஸியின் ஜி13 எஞ்சின் வைத்து நான்கு வருடமாக ஓட்டுகிறேன். அலுமினிய பிளாக், எடை குறைவு, 16 வால்வு, எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சும் முறை), 80 குதிரைத்திறன். உங்கள் 1296 சிசி எஞ்சின் புதிதாக இருந்தபோதே 75தான். சாமானுக்கு ஜி.பி. ரோடு வரை போனால் போதும். கஸ்டம்ஸுக்கும் பார்சலுக்கும் காத்திருக்க வேண்டாம். வண்டி ஷெட்டில் நிற்பதைவிட ரோட்டில் ஓடினால்தான் அப்பாவுக்கும் மரியாதை.


லேத்துப்பட்டறை_பாடி | ஜூன் 9, காலை 6.50

தம்பி, இரண்டு பேர் விலை சொல்லியிருக்கிறார்கள். யாராவது அளந்து பார்த்தார்களா? உங்கள் பதிவில் ஒரே ஒரு அளவுதான் இருக்கிறது, அது ஆயில் பிரஷர். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், எவ்வளவு? பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டான கிராங்க் முன்னும் பின்னும் எவ்வளவு ஆடுகிறது? இது தெரியாமல் விலை சொல்வது, ஸ்கேன் எடுக்காமல் ஆபரேஷனுக்கு நாள் குறிப்பது மாதிரி.

முதலில் செலவில்லாத ஒரு சோதனை. எஞ்சின் அணைந்திருக்கட்டும். வீட்டில் யாரையாவது உட்காரவைத்து கிளட்சை மிதித்து மிதித்து விடச் சொல்லுங்கள். நீங்கள் முன்னால் குனிந்து கிராங்க் புல்லியைப் பாருங்கள். கிளட்சை மிதிக்கும்போது புல்லி ரேடியேட்டர் பக்கம் நகர்வது கண்ணுக்குத் தெரிந்தால், அதற்குப் பிறகு ஒரு முறைகூட ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

காரணம் சொல்கிறேன். இந்த எஞ்சினில் கிராங்க்கைத் தாங்கும் மெயின் பேரிங் மூன்றுதான். பின்னால் இருக்கும் மூன்றாவது மெயினில் அரைவட்டமாக இரண்டு த்ரஸ்ட் வாஷர் இருக்கும். கிராங்க் நீளவாக்கில் நகராமல் பிடிப்பது அவை மட்டுமே. தேய்ந்து மெலிந்தால் கழன்று, அடியில் ஆயில் நிற்கும் தொட்டியான சம்ப்பில் விழுந்துவிடும். அப்புறம் ஒவ்வொரு கிளட்ச் மிதிக்கும் கிராங்க் நேரடியாகப் பிளாக்கைத் தின்ன ஆரம்பிக்கும். வாஷர் சின்னச் செலவு. பிளாக் போனால் பேச்சே வேறு.


எம்ஜிபி_அடையாறு | ஜூன் 9, காலை 8.05

முடிச்சூர் சார், அப்பா 45 வருடம் வைத்திருந்த வண்டி என்பதைப் படித்ததும் எழுதத் தோன்றியது. என்னுடையதும் மாமனார் வண்டிதான்.

பாடி அண்ணா சொன்னதைச் செய்யுங்கள். கம்ப்ரஷன் பார்க்கும்போது உலர்வாக ஒரு முறை, பிறகு ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு ஒரு முறை. ஆயில் விட்டதும் எண் ஏறினால் பிஸ்டன் ரிங்கோ, சிலிண்டரின் உள்சுவரான போரோ தேய்ந்திருக்கிறது. ஏறாமல் நின்றால் வால்வு அல்லது கேஸ்கெட். நான்கு பிளக்கையும் கழற்றிவிட்டு, திராட்டிலை முழுதாகத் திறந்து வைத்துச் செய்ய வேண்டும்; இல்லாவிட்டால் எண் பொய் சொல்லும்.


பெருங்களத்தூரான் | ஜூன் 9, மதியம் 1.30

என் அப்பா ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியில், பெருங்களத்தூர் ஆலையில், எஞ்சின் அசெம்பிளியில் இருந்தவர். அதனால் ஹெரால்டு எஞ்சின் யோசனை பற்றி மட்டும் சொல்கிறேன்.

இரண்டும் ஒரே வம்சம் என்பது உண்மைதான். 1953இல் 'ஸ்டாண்டர்ட் எய்ட்' காரில் 803 சிசியாக வந்த எஞ்சின்தான் வளர்ந்து வளர்ந்து 948, 1147, 1296, கடைசியில் 1493 ஆனது. ஸ்பிட்ஃபயரின் சேஸியே ஹெரால்டிலிருந்து வந்ததுதான். ஆகவே மவுண்டிங்கும் கியர்பாக்ஸும் பெரிய தகராறு செய்யாது. ஆனால் நம் ஊர் ஹெரால்டில் இருப்பது ஒற்றைக் கார்புரேட்டர் 948, ஏறத்தாழ 35 குதிரைத்திறன். உங்கள் வண்டியில் பாதிகூட இல்லை. போரின் குறுக்களவு 63 மி.மீ.; உங்களுடையது 73.7. ஹெரால்டு பிளாக்கைப் போர் போட்டு 1296 ஆக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், சுவர் தாங்காது. இரண்டுக்கும் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 76 மி.மீ. என்பதால் கிராங்க்கை மாற்றிப் போடலாம் என்பவர்களும் உண்டு. பேரிங்கில் உட்காரும் பகுதியான ஜர்னலை அளக்காமல் அதையும் நம்ப வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 1985இல் அதே ஆலையிலிருந்து ஸ்டாண்டர்ட் 2000 வந்தது. உடல் இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1 காருடையது. பார்த்தால் அவ்வளவு கம்பீரம். உள்ளே வைத்தது ஸ்டாண்டர்டின் பழைய வேங்கார்டு கார் வழிவந்த இரண்டு லிட்டர் எஞ்சின். அந்த உடலுக்கும் விலைக்கும் அந்த எஞ்சின் ஈடு கொடுக்கவில்லை, 1988இல் உற்பத்தி நின்றது. எஞ்சின் வேறு, வண்டி வேறு என்று நினைத்தால் என்ன ஆகும் என்று அப்பா அதைக் காட்டித்தான் சொல்வார். அந்த ஆலையின் கடைசி நாட்களைப் பற்றிப் பேசினால் இன்றும் அவருக்குக் குரல் கம்மிவிடும்.


ஆர்சிபுக் | ஜூன் 9, மாலை 7.20

யாரும் கேட்காத கேள்வி ஒன்று. உங்கள் ஆர்சியில் இருக்கும் எஞ்சின் எண்ணும் பிளாக்கில் அடித்திருக்கும் எண்ணும் ஒன்றா? மார்க் 3 என்றால் எஃப்டி என்று ஆரம்பிக்க வேண்டும். பிளாக்கின் இடது பக்கம், மேல்மூடியான ஹெட்டுக்குக் கீழே தேடுங்கள்.

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 எஞ்சின் மாற்றத்தைச் சும்மா விடாது. ஆர்சியில் உள்ள விவரம் உற்பத்தியாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறக்கூடாது என்பதுதான் அடிப்படை. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லிவிட்டது. ஹெரால்டு எஞ்சினோ ஜிப்ஸி எஞ்சினோ, எண் மாறும், சிசி மாறும், தயாரிப்பே மாறும். ஆர்டிஓவில் அனுமதி வாங்காமல் ஓட்டி, நாளைக்கு ஒரு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது இதைத்தான்.

அதைவிட முக்கியம்: 2021இல் விண்டேஜ் வாகனங்களுக்குத் தனி விதி வந்திருக்கிறது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, மூல வடிவத்தில் இருக்கும் வண்டிக்கு 'விஏ' என்ற எழுத்துகளோடு தனிப் பதிவு எண் வாங்கலாம், கட்டணம் 20,000. சேஸி, உடல், எஞ்சின் இவற்றில் மாற்றம் செய்திருந்தால் அந்த வகையில் சேராது. உங்கள் வண்டிக்கு 50 வருடம் எப்போதோ தாண்டிவிட்டது. ஜிப்ஸி எஞ்சின் வைத்த அன்றே அந்தக் கதவு மூடிவிடும். ஆனால் விஏ எண் வாங்கினால் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று இவற்றுக்குத்தான் எடுக்கலாம். தினமும் ஆபீசுக்கு ஓட்ட முடியாது. அதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

புதுப்பேட்டையில் எஞ்சின் வாங்குவதானால் அதன் பழைய ஆர்சி நகலும் ரசீதும் இல்லாமல் வாங்கவே வாங்காதீர்கள்.


முடிச்சூர்_ஸ்பிட்ஃபயர் | ஜூன் 14, மாலை 6.10

எல்லோருக்கும் நன்றி. எஞ்சின் எண் எஃப்டியில்தான் ஆரம்பிக்கிறது, ஆர்சியோடு ஒத்துப்போகிறது.

கம்ப்ரஷன் பார்த்தேன். உலர்வாக: 130, 125, 120, 60. ஆயில் விட்ட பிறகு: 145, 145, 140, 110.

கிளட்ச் சோதனை செய்தோம். தங்கை மிதித்தாள். புல்லி நகர்ந்தது. நன்றாகத் தெரியும்படி நகர்ந்தது. டயல் கேஜ் வைத்து அளந்ததில் 1.4 மி.மீ.

வண்டியை அப்படியே நிறுத்திவிட்டேன். உண்மையைச் சொன்னால், பார்த்ததும் கொஞ்ச நேரம் எதுவும் பேசத் தோன்றவில்லை. 2019 வரை அப்பா இதை இப்படியே ஓட்டியிருக்கிறார்.


லேத்துப்பட்டறை_பாடி | ஜூன் 14, இரவு 8.30

கால் மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டியது 1.4. ஒரு வாஷராவது கீழே விழுந்திருக்கிறது. சம்ப்பைக் கழற்றினால் அடியில் கிடக்கும்.

நான்காவது சிலிண்டர் தண்ணீரில் ஊறியது, துருப்பள்ளம் இருக்கும். அதற்கு வழி இருக்கிறது. மற்ற மூன்றும் வயதான தேய்மானம், பயமில்லை. இப்போது முடிவைத் தீர்மானிக்கப்போவது ஒரே ஒரு இடம்தான்: பின் மெயினில் வாஷர் உட்காரும் பிளாக் முகம். அது தப்பித்திருந்தால் இந்த எஞ்சினையே கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம். தின்னப்பட்டிருந்தால் அதைச் சரிசெய்யத் தனியாக மெஷின் வேலை வேண்டும், எல்லாப் பட்டறையாலும் முடியாது. அப்போது இன்னொரு 1296 பிளாக் தேடுவதைப் பற்றிப் பேசலாம்.

எஞ்சினை இறக்குங்கள். முடிவை அதற்குப் பிறகு எடுங்கள். இறக்கும் கூலி எந்த வழியில் போனாலும் கொடுக்க வேண்டியதுதானே.


ஜிப்ஸி413 | ஜூன் 14, இரவு 9.00

இதற்குப் பிறகுமா ப்ரோ? பிளாக் போயிருந்தால் இறக்கிய கையோடு ஜிப்ஸி எஞ்சினை வைத்துவிடலாமே.


எம்ஜிபி_அடையாறு | ஜூன் 14, இரவு 9.45

ஜிப்ஸி413, உங்கள் ஜீப்புக்கு அது பொருந்தியது. ஸ்பிட்ஃபயரில் எஞ்சின் மட்டும் மாறாது. மவுண்டிங் புதிதாக வெல்ட் செய்ய வேண்டும். கியர்பாக்ஸ் மாறினால் அதன் மேல் இருக்கும் தரை மேடான டனலை வெட்ட வேண்டும், ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளம் மாறும், ஸ்பீடோ கேபிள் சேராது. எம்பிஎஃப்ஐ என்றால் டேங்கில் பம்ப், ரிட்டர்ன் லைன், முழு ஒயரிங். எல்லாம் முடிந்த பிறகும் பின்னால் இருப்பது, சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடும் அதே ஸ்விங் ஆக்ஸில்தான். வளைவில் திடீரென்று காலை எடுத்தால் பின் சக்கரம் உள்ளே மடங்கும் குணம் மார்க் 3இல் உண்டு. 1970இல் வந்த மார்க் 4இல்தான் ஸ்பிரிங்கை மாற்றி அதை அடக்கினார்கள். ஒன்றே முக்கால் லட்சம் என்பது ஆரம்ப விலை. என் நண்பர் ஒருவரின் வண்டி இப்படித்தான் "இன்னும் ஒரு மாதம்" என்று மூன்று வருடமாகத் திருமுல்லைவாயிலில் ஒரு ஷெட்டில் நிற்கிறது, எஞ்சின் ஒரு பக்கம், உடல் ஒரு பக்கம்.


முடிச்சூர்_ஸ்பிட்ஃபயர் | ஜூலை 6, இரவு 10.20

எஞ்சினை இறக்கிப் பிரித்துவிட்டோம். பாடி அண்ணா சொன்னபடியே சம்ப்பின் அடியில் ஒரு வாஷர் கிடந்தது. நகத்தின் அளவுக்கு மெலிந்திருந்தது.

பிளாக் முகம் தப்பித்தது! கிராங்கில் லேசான கோடுகள் மட்டும். பிளாக்கில் கையை வைத்துத் தடவிப் பார்த்தேன், வழவழவென்று இருந்தது. அந்த நிம்மதியை எழுத்தில் சொல்ல முடியவில்லை.

நான்காவது சிலிண்டரில் துருப்பள்ளம் ஆழமாக இருக்கிறது. பட்டறையில் 0.6 மி.மீ. என்று அளந்தார்கள். பிஸ்டன் கம்பிகள் கிராங்க்கோடு சேரும் பிக் எண்டு பேரிங்குகளில் மேல்பூச்சு தேய்ந்து செம்பு தெரிகிறது. கிராங்க் பத்து தௌவில் (ஒரு தௌ, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நிற்காது, இருபது தௌ கிரைண்டிங் போக வேண்டும் என்கிறார்கள்.

அப்புறம் யாரும் எதிர்பார்க்காத ஒன்று. தண்ணீர்ப் பாதையை அடைக்கும் தகட்டு மூடியான பின்பக்க வெல்ஷ் பிளக்கைத் தட்டி எடுத்ததும் நான்காவது சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர்ப் பாதை முழுக்கச் செங்கல் நிறத்தில் சேறு, கல் மாதிரி இறுகியிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் குத்தி எடுத்தோம்.


லேத்துப்பட்டறை_பாடி | ஜூலை 7, காலை 6.30

அது வெள்ளச் சேறு மட்டும் இல்லை தம்பி. வருடக்கணக்காக ரேடியேட்டரில் ஊற்றிய போர்வெல் தண்ணீரின் உப்பும் பிளாக் துருவும் சேர்ந்தது. இந்த எஞ்சினில் தண்ணீர் ஓட்டம் மந்தமாக இருப்பது பின் சிலிண்டரைச் சுற்றித்தான், அதனால் அங்கேதான் படியும். இனிமேல் கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் தவிர வேறெதுவும் உள்ளே போகக்கூடாது.

இப்போது கணக்கு. இருபது தௌ ஓவர்சைஸ் போட்டால் ஒரு பக்கத்துக்குக் கால் மி.மீ.தான் சீவும். நாற்பது போட்டாலும் அரை மி.மீ.தான். 0.6 பள்ளம் போகாது. ஆகவே நான்காவதுக்கு மட்டும் உள்ளே புதுக் குழாயாக ஸ்லீவ் அடித்து, பிறகு நான்கையும் சேர்த்து இருபது தௌவுக்குப் போர் போடுங்கள். நாற்பதுக்கு இப்போதே போய்விட்டால் அடுத்த தடவைக்கு இடம் இருக்காது. ஸ்லீவுக்கு முன்னால் அல்ட்ராசானிக் கேஜ் வைத்து மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் சுவர் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ஹாட் டேங்கில் ஊறவைத்துச் சுத்தம் செய்த பிறகு பிரஷர் டெஸ்டும், சாயம் தடவி விரிசல் பார்க்கும் டை டெஸ்டும். விரிசல் இல்லை என்று தெரியாமல் ஒரு பிஸ்டன்கூட ஆர்டர் செய்யாதீர்கள். போர் போடுவதும் பிஸ்டன் கைக்கு வந்து, அதை அளந்த பிறகுதான்.

த்ரஸ்ட் வாஷர் ஓவர்சைஸில் கிடைக்கும். கிராங்கை கிரைண்ட் செய்த பிறகு இடைவெளியை அளந்து அதற்கேற்ற தடிமன் வாங்குங்கள். பள்ளக்கோடு இருக்கும் முகம் கிராங்கைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டுவிட்டு அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.


பெருங்களத்தூரான் | ஜூலை 7, காலை 9.15

ஹெட்டை மறக்காதீர்கள். அந்தக் காலத்து ஹெட் ஈயம் கலந்த பெட்ரோலுக்குச் செய்தது. 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுக்க ஈயமில்லாத பெட்ரோல்தான். எக்ஸாஸ்ட் பக்கம் கடினமான வால்வு சீட் இதுவரை போட்டிருக்கவில்லை என்றால் இப்போதே போட்டுவிடுங்கள்.

இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் ஹோஸ், பம்ப் டயஃப்ரம் எல்லாவற்றையும் எத்தனால் தாங்கும் வகையில் மாற்ற வேண்டும். எஸ்யூ கார்புரேட்டரில் கலவை மெலியும், பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஊசியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பாவிடம் உங்கள் பதிவைப் படித்துக் காட்டினேன். காலையில் வரும் தடதட சத்தத்துக்குக் காரணம் ஆயில் ஃபில்டர் என்கிறார். இந்த எஞ்சினில் ஃபில்டர் படுத்தவாக்கில் இருப்பதால் இரவில் ஆயில் வடிந்துவிடும். திரும்பி வடியாமல் தடுக்கும் வால்வு உள்ள ஃபில்டரைத் தேடிப் போடச் சொன்னார். "பையனை எண்ணை பத்திரமா வச்சுக்கச் சொல்லு" என்றும் சொன்னார். எஞ்சின் எண்ணைத்தான் சொன்னார். பிளாக்கின் மேல்முகத்தைச் சீவும்போது எண் அடித்த இடத்தைத் தொட்டுவிடப் போகிறார்கள் என்று அவருக்குக் கவலை.


ஜிப்ஸி413 | ஜூலை 7, மாலை 5.00

பிளாக் நன்றாக இருக்கிறது என்றால் என் வாதத்தை விட்டுவிடுகிறேன். ஆர்சி விஷயமும் எனக்குப் புதிது, என் ஜீப்புக்கே இப்போது பார்க்க வேண்டும். ஆர்சிபுக் சார், உங்களுக்குத் தனியாக எழுதுகிறேன்.


முடிச்சூர்_ஸ்பிட்ஃபயர் | நவம்பர் 16, மாலை 7.45

நான்கு மாதம் ஆகிவிட்டது. மன்னிக்கவும். பிஸ்டனும் பேரிங்கும் வருவதற்கே ஒன்பது வாரம்.

பிரஷர் டெஸ்டில் பிளாக் தேறியது. நான்காவதுக்கு ஸ்லீவ், எல்லாம் இருபது தௌ போர், கிராங்க் இருபது தௌ கிரைண்டிங், எக்ஸாஸ்ட் சீட் நான்கு, வால்வுகளை இயக்கும் கேமும் டாப்பெட்டும் புதிது. கிராங்க் ஆட்டம் இப்போது 0.15 மி.மீ. எண் அடித்த இடத்தில் டேப் ஒட்டி, "இங்கே கை வைக்கக்கூடாது" என்று நானே எழுதிவைத்தேன். மொத்தம் இரண்டு லட்சத்து எண்பத்து நான்காயிரம் ஆனது. முதலில் சொன்னதைவிட அதிகம்தான். ஸ்லீவும் கஸ்டம்ஸும்தான் காரணம்.

இன்று காலை ஸ்டார்ட் செய்தோம். பிளக் இல்லாமல் முதலில் சுற்றவைத்து ஆயில் பிரஷர் ஏறியதைப் பார்த்துக்கொண்டோம். பிறகு புது கேமுக்காக 20 நிமிடம் 2000க்குக் கீழே இறக்காமல் ஓடவிட்டோம். ஆயில், துத்தநாகம் கூடுதலாக உள்ள 20டபிள்யூ50. சூடான பிறகு 2000 ஆர்பிஎம்மில் 55 பிஎஸ்ஐ, ஐட்லிங்கில் 28. புகை இல்லை.

அம்மா வாசலில் நின்று சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். "இதுதான் அந்தச் சத்தம்" என்றார்.


லேத்துப்பட்டறை_பாடி | நவம்பர் 16, இரவு 8.10

நல்லது தம்பி. முதல் 500 மைலுக்கு 3000ஐத் தாண்டாதீர்கள், ஒரே வேகத்திலும் ஓட்டாதீர்கள். 500 ஆனதும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, ஹெட் நட்டுகளை ஆறின எஞ்சினில் டார்க் ரெஞ்சால் குறித்த அளவுக்கு மறுபடி இறுக்கி, டாப்பெட் இடைவெளியைப் பாருங்கள். சிக்னலில் நிற்கும்போது கிளட்சில் காலை வைத்துக்கொண்டே நிற்காமல் நியூட்ரலுக்குப் போய்விடுங்கள். அந்த வாஷர் தேய்ந்ததே அப்படித்தான். விஏ எண்ணுக்கு விண்ணப்பிக்கும் முன் ஒரு நாள் பாடி பக்கம் கொண்டுவாருங்கள், கிராங்க் ஆட்டத்தை நானும் ஒரு தடவை அளந்து பார்த்துவிடுகிறேன்.